ராஜாத்தி வீட்டு வேப்பிலை

காலடிப்பேட்டை மார்க்கெட்டின் மீன் வரிசையில் ராஜாத்தியின் இடத்தை யாரும் விசாரித்துக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. சத்தம் வருகிற பக்கம் போனால் போதும். சங்கராவைத் தூக்கிப் பிடித்து, முதலில் கண்ணைப் பார், அப்புறம் விலையைக் கேள் என்பாள். பார்க்காமல் விலை கேட்கிறவர்களை, "கறிக்கடை அந்தாண்ட கீது நைனா, போயிட்டு வா" என்று அனுப்பிவிடுவாள். போனவர்கள் பெரும்பாலும் திரும்பி வருவார்கள்.

கணவன் பரசுராமன், காசிமேட்டில் அப்பாவு என்பவருடைய விசைப்படகில் டிரைவர். போனால் வாரக்கணக்கில் கடலிலேயே இருப்பான். வடக்கே காக்கிநாடா, விசாகப்பட்டினம் வரைக்கும் போய்த் திரும்புவான். அவனுடைய அக்கா செல்லம்மா, கணவனை இழந்தவள், ராஜாத்திக்குப் பக்கத்து இடத்தில் உட்கார்ந்து கவலை, காரப்பொடி என்று சின்ன மீன்களாக விற்றாள். நாத்தனார் என்றாலும் இருவருக்கும் ஒரே அரிவாள்மணை, ஒரே ஐஸ் பெட்டி. ராஜாத்தி தன் ஒரே மகளைப் பழவேற்காட்டில் கட்டிக் கொடுத்த பிறகு அந்த அண்ணிதான் அவளுக்குப் பேச்சுத் துணை, சண்டைத் துணை எல்லாம்.

சுனாமி வந்து போனபின் இரண்டாவது கோடை அது. மீன்பிடித் தடைக்காலம். படகுகள் எல்லாம் காசிமேட்டில் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு நின்றன. கருவாடு தவிர விற்க எதுவும் இல்லாமல் பெண்கள் வீட்டில் சும்மா இருந்தார்கள். அந்தச் சமயம் பார்த்துத்தான் ஒரு பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து வந்து குப்பத்துப் பள்ளிக்கூடத்தில் முகாம் போட்டார்கள். கர்ப்பப்பை வாயில் புற்றுநோய் வரவைக்கிற கிருமி இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை. ஆராய்ச்சிக்காகச் செய்கிறோம், ஒரு பைசா வேண்டாம் என்றார்கள். கூடவே சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும் பார்த்துச் சொல்வார்கள், ஆளுக்கு ஒரு பிளாஸ்டிக் வாளி தருவார்கள்.

வாளி என்று கேள்விப்பட்டதும் செல்லம்மா மீன் வரிசை முழுவதையும் திரட்டிவிட்டாள். வெட்கப்பட்டவர்களைக் கையைப் பிடித்து இழுத்து வந்தாள், குறுக்கே புகுந்தவர்களைத் திட்டினாள். எல்லோரும் உள்ளே போய் வந்த பிறகு அவள் முறை வந்தபோது சர்க்கரையை மட்டும் பார்த்துக்கொண்டு, வாளியையும் வாங்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். அவர் போய் எத்தனை வருஷமாச்சு, என்னிடம் என்ன இருக்கிறது பார்ப்பதற்கு என்று கேட்டாள். பெண்கள் சிரித்தார்கள். அவள் பேச்சை யாரும் தட்டவில்லை.

ராஜாத்திக்குச் சோதனை எடுத்தவள் ரேகா என்கிற நர்ஸ். பெரம்பூர்க்காரி, ரயில்வே பட்டறையில் வேலை பார்ப்பவரின் மகள், சின்னப் பெண். மையிடும் குச்சி அளவில் ஒரு பிரஷை உள்ளே விட்டு எடுத்தாள். மூச்சை இழுத்து விடுவதற்குள் முடிந்துவிட்டது. வெளியே வந்த ராஜாத்தி, இதற்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம் என்று சொல்லிக்கொண்டே வாளியை இடுப்பில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள். போன கையோடு மறந்தும் போனாள்.

தடைக்காலம் முடிந்தது. படகுகள் கடலுக்குப் போயின, பரசுராமனும் போனான். மார்க்கெட்டில் மறுபடியும் மீன் வாசனை ஏறியது. வியாபாரம் சூடாக இருந்த ஒரு காலை வேளையில் ரேகா வெள்ளைக் கோட்டோடு வந்து வரிசையின் முனையில் நின்றுகொண்டு, ராஜாத்தி என்பது யார் என்று சத்தமாகக் கேட்டாள். வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. ராஜாத்தி செதில் ஒட்டிய கையோடு எழுந்தாள். ரேகா அவளை ஐஸ் கடைக்குப் பின்னால் தனியாகக் கூட்டிக்கொண்டு போனாள்.

எச்.பி.வி. என்று ஒரு கிருமி, அது இருக்கிறது என்று வந்திருக்கிறது, பாசிட்டிவ் என்றாள் ரேகா. இது புற்றுநோய் இல்லை. வேறு எந்தக் கெட்ட நோயும் இல்லை. முக்கால்வாசிப் பெண்களுக்கு வாழ்க்கையில் ஒரு தடவையாவது வருவதுதான். பலருக்கு அதுவாகவே போய்விடும். சிலருக்குப் போகாமல் தங்கிப் புண்ணாகும், அதை விட்டுவிட்டால் வருஷங்கள் கழித்துப் புற்றாகும். அதனால் வருகிற வியாழக்கிழமை ஆஸ்பத்திரிக்கு வந்தால் கண்ணாடி வைத்துப் பார்ப்பார்கள், புண் இருந்தால் அன்றைக்கே உறையக் குளிர வைத்து எரித்துவிடுவார்கள், வலிக்காது.

ராஜாத்தி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்றைத்தான் திருப்பிக் கேட்டாள். "எப்புடி வந்துச்சு?"

ரேகாவுக்குப் பதில் சொல்லப் பழக்கம் போதவில்லை. புருஷன் பெண்டாட்டி உறவில்தான் தொற்றும் என்றாள். சொன்னதும் ராஜாத்தியின் முகம் போன போக்கைப் பார்த்துப் பதறிப்போய், யாரிடமிருந்து வந்தது, எப்போது வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது, இருபது வருஷத்துக்கு முன்னால் வந்ததாகவும் இருக்கலாம் என்றாள். அதுவும் உள்ளே இறங்கவில்லை என்று தெரிந்ததும், கடைசியாக அவளுக்குத் தெரிந்த எளிய வழியில் ஆறுதல் சொன்னாள்.

"அம்மை மாதிரி ஒரு கிருமிதாம்மா. தானா வரும், தானா போவும். நீங்க ஒண்ணும் தப்பு பண்ணல."

அந்த ஆறுதல் பின்னால் என்ன பாடு படுத்தும் என்று அவளுக்கு அப்போது தெரியாது.

ராஜாத்தி இடத்துக்குத் திரும்பி வந்தபோது வரிசையில் பேச்சு நின்றிருந்தது. அந்த வருஷங்களில் துறைமுகத்துப் பக்கம், ஒரு நர்ஸ் ஒரு பெண்ணைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினால் ஊருக்குத் தெரிந்த காரணம் ஒன்றுதான். லாரி நிற்கிற இடங்களில் எல்லாம் சுவர் முழுக்க எய்ட்ஸ் என்ற பெயரைத்தான் சிவப்பில் எழுதி வைத்திருந்தார்கள். யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்காமலேயே மதியத்துக்குள் வரிசைக்குப் பொதுவான தண்ணீர்க் குடம் அவள் பக்கத்திலிருந்து அடுத்த முனைக்குப் போய்விட்டது. மறுநாள் அவளுக்கும் இடப்பக்கத்துக்காரிக்கும் நடுவில் ஒரு காலி மரப்பெட்டி முளைத்திருந்தது. ராஜாத்தி அதைப் பார்த்தாள். சங்கராவின் கண்ணைப் பார்க்கச் சொல்லி அன்று அவள் யாரையும் கூப்பிடவில்லை.

வீட்டில் தனியாக இருக்கும்போது மனம் விசாகப்பட்டினத்துக்குப் போய்விடும். அவள் பார்த்தே இராத அந்தத் துறைமுகத்தில், படகுக்காரர்கள் இறங்கி நடக்கும் ஒரு தெருவை அவளே கட்டினாள். வீடு கட்டினாள், கதவு வைத்தாள், கதவில் ஒருத்தியை நிற்க வைத்தாள். கலியாணமான நாளிலிருந்து அவளுக்குப் பரசுராமனைத் தவிர வேறு ஆண் தெரியாது. அப்படியானால் கணக்கு நேராகத்தானே இருக்கிறது. ஆனால் அவனிடம் கேட்டால் அவனும் அதே கணக்கை அவள் பக்கத்திலிருந்து போடுவான். நான் வாரக்கணக்கில் கடலில் இருக்கிறேன், நீ கரையில் இருக்கிறாய் என்று ஒரு வார்த்தை அவன் வாயிலிருந்து வந்துவிட்டால் அப்புறம் அதைத் திருப்பிப் போடுவதற்கு வழி இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போனால் மட்டும் என்ன? போவதை நாலு பேர் பார்த்தால், குடத்தை நகர்த்தி வைத்தவர்கள் நினைத்தது உறுதியாகிவிடும். பழவேற்காட்டுச் சம்பந்தி வீட்டுக்கும் செய்தி போகும்.

வியாழக்கிழமைக்கு இரண்டு நாள் முன்னால் செல்லம்மா நேராக வீட்டுக்கே வந்து உட்கார்ந்துகொண்டாள். வரிசையில் நாலு பேர் நாலு விதமாகப் பேசுகிறார்கள், என் தம்பி பொண்டாட்டியைப் பற்றி நான் எதை நம்புவது, நீயே சொல் என்றாள். அவள் குரலில் கோபத்தைவிட பயம்தான் அதிகமாக இருந்தது. ராஜாத்தி தலையைக் குனிந்துகொண்டு, அந்த நர்ஸ் சொன்னதில் தனக்குச் சொல்ல முடிந்ததை மட்டும் சொன்னாள்.

"அம்மைன்னு சொல்லிச்சு அண்ணி. உள்ள."

பொய் சொல்ல வேண்டும் என்று அவள் நினைக்கவில்லை. சொல்லிவிட்டு, மீதியையும் சொல்லிவிடலாம் என்று நிமிர்ந்தாள். அதற்குள் செல்லம்மா இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு எழுந்து நின்றிருந்தாள். கண்ணில் தண்ணீர்.

"உள்ள எறங்கிக்கீறாளா தாயி. இது தெரியாம அந்தச் சிறுக்கிங்க கண்ட மாதிரி பேசிகினு கீறாளுங்க."

அதற்குப் பிறகு ராஜாத்தி எதுவும் சொல்ல வேண்டி வரவில்லை. அம்மை கண்ட வீட்டுக்கு என்னென்ன உண்டோ எல்லாம் தானாக நடந்தது. செல்லம்மா வாசலில் வேப்பிலைக் கொத்தைச் செருகினாள், வீட்டை மஞ்சள் தண்ணீரால் மெழுகினாள், அடுப்பில் தாளிப்பதை நிறுத்தினாள், மீன் கூடையைப் பக்கத்துத் தெருவுக்கு மாற்றினாள். ராஜாத்தி தலை வாராமல், குளிக்காமல், வேப்பிலை பரப்பிய பாயில் படுத்திருக்க வேண்டும். உடம்பில் ஒரு முத்துக்கூட இல்லையே என்று கேட்டவர்களுக்கு, வெளியே போடுகிற அம்மையைவிட உள்ளே இறங்குகிற அம்மைக்குத்தான் உக்கிரம் அதிகம் என்று செல்லம்மாவே விளக்கம் சொன்னாள். வியாழக்கிழமை வந்தது, போனது. தாயி இருக்கிற வீட்டிலிருந்து எவளாவது ஊசி போட்டுக்கொள்ள ஆஸ்பத்திரிக்குப் போவாளா?

குடத்தை நகர்த்தியவர்கள் இப்போது கூழும் இளநீரும் கொண்டு வந்தார்கள். வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே எட்டிப் பார்த்து, கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். நடுவில் பெட்டி வைத்தவள், குழந்தைக்கு ஒரு வாரமாகக் காய்ச்சல் விடவில்லை, தாயி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று கேட்டு நின்றாள். ராஜாத்தி படுத்தபடியே அவளைப் பார்த்தாள். முந்தின வாரம் இவள் முகத்தில் வேறு ஒன்று இருந்தது. சரியாகிவிடும் என்றாள். அவள் விழுந்து கும்பிட்டுவிட்டுப் போனாள். ராஜாத்திக்குச் சிரிப்பும் வந்தது, அதோடு உடம்பும் கூசியது. ஆனாலும் வெகுநாள் கழித்து அன்று மத்தியானம் நன்றாகத் தூங்கினாள்.

பரசுராமன் படகு கரைக்கு வந்தது. வாசலில் வேப்பிலையைப் பார்த்ததும், கடல் நாற்றத்தோடு உள்ளே கால் வைக்கக் கூடாது என்று தெருவிலேயே நின்றுவிட்டான். அம்மை வீட்டு ஆள் படகில் ஏறினால் படகுக்கு ஆகாது என்பது அப்பாவுவின் உறுதியான நம்பிக்கை. தலைக்குத் தண்ணீர் ஊற்றித் தாயியை வழியனுப்பின பிறகு வா என்று சொல்லிவிட்டார். பரசுராமன் மறுபேச்சுப் பேசவில்லை. கடற்கரையில் அலைக்குத் தடுப்பாகப் போட்டிருந்த பாறாங்கற்களின் மேல் பகலெல்லாம் உட்கார்ந்திருப்பான். குடியை விட்டான், மீன் தின்பதை விட்டான், நெற்றியில் மஞ்சளைப் பூசிக்கொண்டு வேளைக்கு ஒரு தரம் வாசலில் வந்து நின்று, இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்டுவிட்டுப் போவான்.

அவன் அப்படி நிற்கும்போது ராஜாத்தி பாயில் புரண்டு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வாள். செய்த பாவத்துக்காக விரதம் இருக்கிறானா, இல்லை, ஒன்றும் தெரியாத மனுஷன் எனக்காகப் பட்டினி கிடக்கிறானா? இரண்டில் எது உண்மை என்றாலும் அவளால் தாங்க முடியாது போலிருந்தது.

வியாழக்கிழமை வராதவளைத் தேடிக்கொண்டு ரேகா வந்தாள். வீட்டை விசாரித்துக்கொண்டு வந்தவள் வேப்பிலையைக் கண்டு வாசலிலேயே நின்றாள். பெரம்பூர்க்காரிக்கு அது என்ன என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. செருப்பைக் கழற்றினாள். அவளை உள்ளே வரவிடாமல் செல்லம்மா கையை நீட்டித் தடுத்தாள். தான் ஐஸ் கடைக்குப் பின்னால் சொன்ன ஒரு வார்த்தைதான் இப்படி வாசலில் தொங்கிக்கொண்டிருக்கிறது என்று ரேகாவுக்கு மெதுவாகப் புரிந்தது. அக்கம்பக்கத்துப் பெண்கள் சூழ்ந்து நின்றுகொண்டிருந்தார்கள். அந்தக் கூட்டத்தில் உண்மையைச் சொன்னால் ராஜாத்தியின் கதி என்ன ஆகும் என்றும் அவளுக்குப் புரிந்தது. கண் கலங்கிப்போய், உள்ளே பார்த்து ஒன்று மட்டும் கேட்டாள்.

"தண்ணி எப்ப ஊத்துவீங்க?"

 எல்லோரும் ராஜாத்தியைப் பார்த்தார்கள்.

அந்தக் கேள்வியில்தான் எல்லாமே இருந்தது. மற்ற அம்மைக்குக் கணக்கு உண்டு. முத்து வாடும், பொருக்கு உதிரும், பெரியவர்கள் பார்த்துத் தண்ணீர் ஊற்ற நாள் குறிப்பார்கள். ராஜாத்தியின் உடம்பில் வாடுவதற்கும் உதிர்வதற்கும் எதுவும் இல்லை. தாயி போய்விட்டாள் என்று அவள் வாயால் சொன்னால் ஒழிய யாராலும் தண்ணீர் ஊற்ற முடியாது. அவள் சொல்லாத வரைக்கும் அந்தப் பாயில் அவளுக்கு ஒரு குறையும் இல்லை. சொன்ன அன்றைக்கு மறுபடியும் வெறும் ராஜாத்தி, ஆஸ்பத்திரி கூப்பிட்ட ராஜாத்தி. இன்னும் இருக்கிறாள் என்று சொன்னாள். ரேகா போய்விட்டாள். அதற்கப்புறம் செல்லம்மா காலையில் கேட்பாள், ராஜாத்தி தலையை ஆட்டுவாள். அப்பாவு வேறு டிரைவரை வைத்துப் படகை அனுப்பினார். பரசுராமன் கல்லின் மேல் உட்கார்ந்து அது போவதைப் பார்த்தான்.

ஒரு நாள் பிற்பகலில் செல்லம்மா மார்க்கெட்டிலிருந்து சீக்கிரமே வந்தாள். குளித்து, ஈரத் தலையோடு உள்ளே வந்து, கதவைச் சாத்தினாள். ராஜாத்தியின் கால்மாட்டில் உட்கார்ந்தாள். வரிசையையே அதட்டி நிறுத்துகிற அந்தக் குரல் அன்று குசுகுசுவென்றுதான் வந்தது.

தீட்டு நின்று போய் வருஷங்கள் ஆகிறது, இப்போது மறுபடியும் வருகிறது, நாற்றம் வருகிறது, இடுப்பு விட்டுப்போகிறது என்றாள். எப்போதிலிருந்து என்று ராஜாத்தி கேட்டாள். தடைக்காலத்துக்கு முன்னாலிருந்தே என்றாள் செல்லம்மா. முகாம் அன்றைக்கு வெளியே வந்து சிரிக்க வைத்தாளே, அன்றைக்கும் இருந்தது. உள்ளே போய்ப் படுத்தால் அந்தப் பெண் பார்த்து ஏதாவது சொல்லிவிடுவாள் என்று பயந்துதான் வெளியே வந்தாளாம்.

"ஆஸ்பத்திரிக்குப் போனா என்னியும் மார்க்கெட்ல வந்து பேரு சொல்லிக் கூப்புடுவா அந்த நர்சு. எனக்கு அது வாணாம் ராஜாத்தி. தாயி உன் வூட்ல கீறா. உன் கையால வேப்பிலைத் தண்ணி கொஞ்சம் குடு, நின்னுடும்."

சொல்லிவிட்டுத் தன்னைவிடப் பதினைந்து வயது சின்னவளுக்கு முன்னால் இரண்டு கையையும் குவித்து நீட்டினாள்.

தீட்டு நின்றவர்களுக்கு மறுபடி ரத்தம் பட்டால் ஒரு நாளும் தள்ளிப்போடக் கூடாது, ஓடி வந்துவிட வேண்டும் என்று முகாமில் ரேகா எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லியிருந்தாள். அன்றைக்குக் காதில் விழுந்தும் விழாமல் போன அந்த வார்த்தை இப்போது ராஜாத்திக்கு ஞாபகம் வந்தது. கலசத்தில் வேப்பிலைத் தண்ணீர் கைக்கு எட்டுகிற தூரத்தில்தான் இருந்தது. எடுத்து ஊற்றினால் போதும். அண்ணி குடிப்பாள், நம்புவாள், நோவைப் பொறுத்துக்கொள்வாள். தன் மானத்துக்காகப் போட்டுக்கொண்ட பாயில் இன்னொருத்தியைப் படுக்க வைத்துச் சாகடிப்பதா என்று நினைத்து ராஜாத்தி கலசத்தைத் தள்ளி வைத்தாள்.

"அண்ணி, எம்மேல தாயி இல்ல."

அதையும் தாயியின் கோபம் என்றே எடுத்துக்கொண்ட செல்லம்மா, தெரியாமல் செய்த குற்றத்தைப் பொறுத்துக்கொள் தாயே என்று தரையில் நெற்றி பட விழுந்தாள். ராஜாத்தி எழுந்து அவள் தோளைப் பிடித்து நிமிர்த்தி உட்கார வைத்து, ஐஸ் கடைக்குப் பின்னால் கேட்டதை ஒன்று விடாமல் சொன்னாள். கிருமியைச் சொன்னாள், அது எப்படித் தொற்றும் என்று சொன்னாள், தானாகவும் போகும், போகாவிட்டால் புற்றாகும் என்பதையும் சொன்னாள். அம்மை மாதிரி என்றுதான் அந்தப் பெண் சொன்னாள், அம்மை என்று நான்தான் ஆக்கிக்கொண்டேன் என்றாள்.

செல்லம்மா அவிழ்ந்து கிடந்த ஈரத் தலையை முடிந்துகொண்டாள். பிறகு, பரசுவா என்று கேட்டாள். தெரியாது என்றாள் ராஜாத்தி. நீயா என்று கேட்டாள். இல்லை. அதற்குமேல் அவளைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. தன்னுடைய வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு, அப்படியானால் எனக்கு எங்கிருந்து என்றாள். இருபது வருஷத்துக்கு முன்னால் வந்ததாகவும் இருக்கலாம் என்று அந்தப் பெண் சொன்னதை ராஜாத்தி சொன்னாள். செல்லம்மாவின் புருஷனும் கடலுக்குப் போனவன்தான். ஒரு புயலில் போனவன் திரும்பி வரவில்லை. வருஷா வருஷம் அவனுக்குக் கடலில் பால் ஊற்றி மாலை போடுகிறவள் அவள்.

"செத்தும் என்னைச் சும்மா வுடல பாரு அந்த ஆளு," என்றாள். சிரிக்க ஆரம்பித்தது அழுகையில் முடிந்தது.

அழுது ஓய்ந்ததும் கோபம் வந்தது. ஊரைக் கூட்டிக் கூழ் ஊற்ற வைத்தாயே, என்னை உன் காலில் விழ வைத்தாயே, உன்னைத் தாயி என்று நம்பிக் கும்பிட்ட கை இது என்றாள். கதவைப் படாரென்று திறந்துகொண்டு போய்விட்டாள். தெரு முழுக்க இனி தெரிந்துவிடும் என்று ராஜாத்தி எதிர்பார்த்தாள். சாயங்காலம் வரைக்கும் ஒரு சத்தமும் இல்லை.

மறுநாள் காலையில் செல்லம்மா ஒரு குடம் மஞ்சள் தண்ணீரோடு வந்தாள். தாயி உத்தரவு கொடுத்துவிட்டாள், தண்ணீர் ஊற்றுகிறோம் என்று தெருவுக்குச் சொன்னாள். ராஜாத்தியை வாசலில் மணையில் உட்கார வைத்துத் தலையில் ஊற்றினாள். பெண்கள் குலவை போட்டார்கள். குலவைக்கு நடுவில், ராஜாத்தியின் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரி, கள்ளி, மண்டை கனத்த கழுதை, உன்னை வெட்டிப்போட்டால் என்ன என்று ஒவ்வொரு சொம்புக்கும் ஒரு வசவு விட்டாள். ஊருக்கு ஊற்றிய தண்ணீர் அது. ஊற்றி முடித்து, புடவையை மாற்றிக்கொண்டு வா, ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றாள்.

போவதற்கு முன்னால் ராஜாத்தி கடற்கரைக்குப் போனாள். தண்ணீர் ஊற்றியாகிவிட்டது என்று கேள்விப்பட்டு முகம் மலர்ந்து எழுந்து வந்த பரசுராமனைக் கல்லில் மறுபடியும் உட்கார வைத்தாள். அண்ணியிடம் சொன்னதை அவனிடமும் சொன்னாள், அண்ணியின் உடம்பைப் பற்றியும் சொன்னாள். சொல்லும்போது அவன் முகத்தைப் பார்க்கவில்லை, அலையைப் பார்த்தாள். அவள் முடித்ததும் அவன் எழுந்து நடந்து போய்விட்டான். அவன் போன திசை காசிமேடு. திரும்பி வந்துவிட்ட படகை அப்பாவு இன்று மறுபடியும் கடலுக்கு அனுப்புவார், ஏறிவிடுவான், வர இருபது நாள் ஆகும், அதற்குள் அவன் மனது எந்தப் பக்கம் சாய்கிறதோ என்று எண்ணியபடி அவள் திரும்பி நடந்தாள்.

பஸ் நிறுத்தத்தில் செல்லம்மாவோடு நின்றிருந்தபோது அவன் வேகமாக நடந்து வந்தான். சட்டை மாற்றியிருந்தான். இந்தத் தடவைக்கும் வேறு ஆளைப் போட்டுக்கொள்ளச் சொல்லிவிட்டேன், வீட்டுக்காரிக்கும் அக்காவுக்கும் உடம்பு சரியில்லை, ஆஸ்பத்திரிக்குப் போகிறேன் என்று அப்பாவுவிடம் சொல்லிவிட்டு வந்ததாக, பஸ் வருகிற பக்கத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னான். என்ன உடம்பு என்று அவர் கேட்டாராம். தாயி இல்லை, வேறு நோவு என்று சொன்னானாம்.

ஆஸ்பத்திரியில் ராஜாத்திக்குச் சின்னப் புண்தான் இருந்தது. மேசையில் படுக்க வைத்து, கண்ணாடி வைத்துப் பார்த்து, குளிர வைத்து எரித்துவிட்டார்கள். பக்கத்தில் நின்று கையைப் பிடித்துக்கொண்டிருந்த ரேகா, தப்பாகச் சொல்லிவிட்டேன் அக்கா என்று முணுமுணுத்தாள். நீ நல்லதுக்குத்தான் சொன்னாய், எனக்குத்தான் அந்த வார்த்தை தேவையாக இருந்தது என்றாள் ராஜாத்தி. செல்லம்மாவைப் பார்த்த பெரிய டாக்டர் அவ்வளவு சுலபமாகப் பேசவில்லை. சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்ப வேண்டும், கரண்டு வைக்கிற கதிர் சிகிச்சை வேண்டி வரலாம், இன்னும் கைமீறிப் போகவில்லை என்று நினைக்கிறேன் என்று மட்டும் சொல்லி, வார்டில் சேர்த்துக்கொண்டார். கட்டிலில் உட்கார்ந்தபடியே செல்லம்மா, மார்க்கெட்டில் என் இடத்தில் எவளாவது கூடையை வைத்தால் தூக்கி எறி என்றாள்.

திரும்பும்போது பஸ்ஸில் கணவனும் மனைவியும் ஒரே சீட்டில் உட்கார்ந்திருந்தார்கள். பாரிமுனையில் கூட்டம் இறங்கிக் கொஞ்சம் காலியான பிறகுதான் பரசுராமன் கேட்டான்.

"என்னாலயா?"

"யாருக்கும் தெரியாதாம்யா. டாக்டருக்கும் தெரியாதாம்."

தண்டையார்பேட்டை தாண்டும் வரைக்கும் அவன் முன்சீட்டுக் கம்பியையே பார்த்துக்கொண்டு வந்தான். "கலியாணத்துக்கு முந்தி" என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டான். அவளும் மேலே கேட்கவில்லை. கேட்கத் தோன்றாமல் இல்லை. நாக்கு நுனி வரைக்கும் விசாகப்பட்டினம் வந்தது.

"எப்புடி இருந்தாலும் அதுல எனக்கும் பங்கு கீதுமே," என்றான் அவன். "நீ மட்டும் பாயில கெடந்த."

ராஜாத்தி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கோபம் தீர்ந்துவிட்டதா என்று கேட்டால் இல்லை. ஆனால் அவன் தோள் தன் மேல் இடித்தபோது அவள் நகரவில்லை.

மறுநாள் விடியலில் காசிமேட்டு ஏலத்தில் அவள் இரண்டு கூடை எடுத்தாள். ஒன்றில் சங்கரா, இன்னொன்றில் கவலை. மீன்பாடி வண்டியில் ஏற்றிவந்து, தன் இடத்தில் ஒன்றும் செல்லம்மாவின் இடத்தில் ஒன்றுமாக இறக்கினாள். தாயி போன வீட்டுக்காரி என்று பெண்கள் மரியாதையாகப் பார்த்தார்கள். அண்ணி எங்கே என்று கேட்டார்கள். ஊருக்குப் போயிருக்கிறாள் என்று சொல்லிவிட்டால் எல்லாம் அப்படியே இருந்திருக்கும்.

"ஆஸ்பத்திரியில கீறாங்க," என்றாள் ராஜாத்தி, கத்தியைத் தீட்டிக்கொண்டே. "அந்த முகாம்ல பாத்தாங்களே, அந்தக் கிருமி. எனக்கும் அதான். தாயி கீயி ஒண்ணும் இல்ல, நேத்து எரிச்சிட்டாங்க. தீட்டு நின்னு ரத்தம் படுற எவளாவது இங்க இருந்தா மூடி வெக்காத, எங்கூட வா."

இடப்பக்கத்துக்காரி எழுந்து போய், ஓரமாகக் கிடந்த அந்தக் காலி மரப்பெட்டியை இழுத்து வந்து மறுபடியும் நடுவில் போட்டாள். ராஜாத்தி அவளையும் பார்த்தாள், பெட்டியையும் பார்த்தாள். செல்லம்மாவின் கூடையிலிருந்து ஒரு கை கவலையை அள்ளி அந்தப் பெட்டியின் மேலேயே பரப்பி வைத்துவிட்டு, வருகிறவர்களைக் கூவிக் கூப்பிட ஆரம்பித்தாள்.